கண்ணாடிக்கு உரைகல் எது?

உத்திரமேரூர் என்று சொன்னால், ஓரளவு படித்தவர் எவரும் உடனே குடவோலை என்பர். மேடையில் முழங்குவோர் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. மாணவர் அதை நெட்டுருச் செய்யாமல் தேர்வெழுதுவதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. அவற்றின் பெருமையைப் பேச நாம் இங்கே வரவில்லை, பலர் பேசியாயிற்று. அந்த விதிகளுக்குள்ளே, பலரும் நின்று நோக்காமல் கடந்துபோகும் சிறு செய்தி ஒன்றுண்டு. கண்ணைப் பற்றிய செய்தி அது.

919ஆம் ஆண்டின் கல்வெட்டு, வாரியத்துக்கு வரத்தக்கவரின் வயது 30க்கு மேல், 60க்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றது. இரண்டே ஆண்டில் அதைத் திருத்தினர். 35க்கு மேல், 70க்கு உள் என்று ஆயிற்று. தேர்தல் நாளன்று நடந்ததென்ன? பெயரெழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. ஒன்றுமறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்தான். மத்தியத்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை வாங்கினான். வாங்கிய ஓலையை வாசித்தான். பின் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசித்தனர். ஏமாற்றுக்கு இடமிராமல், பல கண்கள் பார்த்து, பல வாய்கள் படித்த பிறகே பெயர் நிலைத்தது.

இங்கேதான் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. எழுத்தாணியால் கீறிய ஓலை எழுத்து, மையிட்டாலும் மயிரிழைதானே! ஐம்பதைக் கடந்த கண்ணுக்கு அது தெரிந்திருக்குமா? கையை எட்ட நீட்டி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, வெயில் விழும் பக்கமாக ஓலையைச் சாய்த்து, அந்தச் சபையோர் எத்தனை பேர் தடுமாறியிருப்பர்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று இருந்திராது. ஏனெனில் அந்த நாளில் இவ்வுலகில் எந்த நாட்டிலும், எந்த மன்னன் மூக்கின்மீதும், கண்ணாடி இல்லை.

(ஓலையே கைக்கு வராதவர்களை நாம் மறந்துவிடவில்லை. அது மறையவர் ஊரின் சபை. வேதம் ஓதியவனுக்கும் இறை செலுத்தும் நிலம் உடையவனுக்குமே அங்கே பெயர் உண்டு. ஏரிக்கரையைக் கட்டிய கைகளுக்கு, பெயரெழுத ஓர் ஓலை நறுக்குமில்லை. ஆனால் வயதாகி மங்கும் கண், சாதி பார்த்து மங்குவதில்லை.)

நாற்பதை ஒட்டி, அருகிலுள்ள எழுத்து மெல்ல வெளுத்துப் புகைந்து தெரியத் தொடங்குகிறது. அதற்கு நம் மக்கள் வெள்ளெழுத்து என்று பெயரிட்டனர். எத்துணை நுட்பமான சொல்! கறுத்திருக்க வேண்டிய எழுத்து வெளுத்துப் போகும் நோவுக்கு இதைவிடப் பொருந்திய பெயரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. சாளேசுவரம் என்று கூறுவோரும் உளர். உண்மையில் இது நோயன்று. கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை, இளமையில் இளகி இருக்கும்; அருகில் பார்க்கும்போது தானே புடைத்துக்கொள்ளும். ஆண்டுகள் ஏற ஏற அது விறைத்துப் போகிறது, புடைக்க மறுக்கிறது. அந்தப் புடைப்பை வெளியிலிருந்து கடன் தருவதே வெள்ளெழுத்துக் கண்ணாடி. அவ்வளவுதான் அதன் மாயம்.

கடன் தருவது நல்ல வில்லைதானா என்று வாங்குகிறவன் எப்படி அறிவது? அதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அரிசியை வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கலாம். துணியைக் கசக்கிப் பார்க்கலாம். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கலாம். கண்ணாடி வாங்கப் போகிறவனோ, எதைக்கொண்டு பார்க்க வேண்டுமோ அதிலேயே குறையுள்ளவன்! பழைய உத்திரமேரூரில் பொன் வாரியம் என்று ஒன்றிருந்தது. பொன்னின் மாற்றைப் பார்த்துச் சொல்லும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் இவ்வூர்க் கல்வெட்டு பேசுகிறது. பொன் விற்பவன் சொல்லை மட்டும் நம்பக் கூடாது, ஊர் பொதுவில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்ற தெளிவு, ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இங்கே இருந்தது. கண்ணாடிக்கு அப்படியோர் உரைகல்லைத் தேடிய வரலாறுதான் மூக்குக் கண்ணாடியின் உண்மை வரலாறு.

1306ஆம் ஆண்டு, இத்தாலியின் பிளாரன்சு நகரில் சியோர்தானோ என்ற துறவி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நன்றாகப் பார்க்க உதவும் கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபதாண்டு ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவனைத் தாம் கண்டு பேசியதாகவும் அதில் குறிப்பிட்டார். செய்தவன் பெயரை அவர் சொல்லவில்லை. பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி மனித குலத்துக்குச் செய்த உதவி, பெயர் பொறித்த மன்னர் பலர் செய்ததினும் பெரிது என்பது நம் துணிபு. ஓலையையும் ஏட்டையும் படிப்போர், தையலர், பொற்கொல்லர், நெய்வோர் ஆகிய அனைவர்க்கும் நாற்பதுக்குப் பின்னர் இன்னொரு வாழ்வை அவன் கொடுத்தான்.

கலை பிறந்த சுவடு மறையுமுன் கள்ளமும் பிறந்தது. அந்நாளில் வெனிசு நகரத்தில் படிகக்கல்லைக் கடைந்து பொருள்கள் செய்யும் கம்மியர் ஒரு சங்கமாக இருந்தனர். படிகம் விலையுயர்ந்தது, கண்ணாடி மலிவு. கண்ணாடியில் வில்லை செய்து படிகமென்று விற்றால் கொள்ளை ஆதாயம்! எனவே 1300இல் அச்சங்கம், வெள்ளைக் கண்ணாடியைப் படிகமென்று விற்றலாகாது என்று விதி செய்தது. தடை செய்த பொருள்களின் பட்டியலில் கண்ணுக்கான வட்டங்களும் இடம் பெற்றன. மறு ஆண்டு, 1301இல், கண்ணாடியில் வில்லை செய்யலாம், ஆனால் கண்ணாடி என்று சொல்லியே விற்பதாக ஆணையிட வேண்டும் என்று இசைவு தந்தனர். உலகில் மூக்குக் கண்ணாடியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதற் சான்றுகளிலேயே, வாங்குவோனை ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டமும் இருக்கிறது. எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் அந்த விதியிலும் ஒரு குறை இருந்தது. வில்லை எந்தப் பொருளால் ஆனது என்று மட்டுமே அது கேட்டது. அந்த வில்லை இந்தக் கண்ணுக்குப் பொருந்துமா என்று அது கேட்கவில்லை. பொருளை மதிப்பதும் பொருத்தத்தை மறப்பதும் அன்று தொடங்கிய பழக்கம், இன்றும் விட்டபாடில்லை.

இலண்டனில் நடந்த ஒன்றையும் சொல்லாமற்போக மனம் வரவில்லை. அங்கே கண்ணாடி செய்வோர் சங்கம் 1629இல் அரச பட்டயம் பெற்றது. 1671இல் சங்கத்தார் ஒரு கடையில் புகுந்து சோதித்து, வில்லையும் சட்டமும் கெட்ட 22 டசன் கண்ணாடிகளைக் கைப்பற்றினர், 264 கண்ணாடிகள்! கண்ணை ஏமாற்றும் பொருள்கள் என்று தீர்ப்பளித்து, நகரின் பழைய அடையாளமான இலண்டன் கல்லின் மேல் அவற்றை வைத்து, ஊரார் காணச் சுத்தியலால் நொறுக்கினர். நம் ஊர்ச் சந்தைகளில் தட்டில் பரப்பி விற்கப்படும் கண்ணாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுத்தியலின் ஓசை நம் செவியில் கேட்கிறது. ஆனால் சங்கத்தின் சினத்தில் பொதுநலத்தோடு தன்னலமும் கலந்திருக்கும் என்பதையும் வரலாறு படிப்போர் மறக்கலாகாது. உறுப்பினரல்லாதார் விற்பதைத் தடுப்பதும் இத்தகைய சங்கங்களின் வேலைகளுள் ஒன்று.

நம் நாட்டுக்குக் கண்ணாடி வந்தது எப்போது? மூக்குக் கண்ணாடி இங்கேதான் முதலில் தோன்றியது என்று மார் தட்டுவோர் சிலர் உளர். எதையெடுத்தாலும் எங்களிடமே முன்னமே இருந்தது என்று கூறுவது ஒருவகை நோய்; அதற்குக் கண்ணாடி போட்டுத் தீராது. சான்று என்ன என்று கேட்டால், சான்று மெலிந்தே கிடக்கிறது. பூனாவிலிருந்த ஆராய்ச்சியாளர் பி. கே. கோடே எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விசயநகர மன்னர் அவையில் வாழ்ந்த வியாசராயர் என்ற துறவி, மூக்குக் கண்ணாடி அணிந்து ஏடு படித்ததாக, அவர் வரலாற்றைப் பாடிய சோமநாதன் என்னும் வடமொழிக் கவி குறிப்பிடுகிறான் என்பது அது. போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498. கோவாவைப் பிடித்தது 1510. கப்பலில் குதிரை வந்தது. கண்ணாடியும் வந்திருக்கும் என்று கருதுவதே நேர்மை. வந்ததைக் கற்றுக்கொண்டு நாமே செய்யத் தொடங்கினோமே, அதில் பெருமை கொள்வோம்!

ஆம், செய்தோம். தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் என்றோர் ஊர். அங்கே நிலத்தில் கிடைத்த படிகக் கற்கள் வல்லத்துக் கற்கள் என்று புகழ் பெற்றன. அவற்றை அறுத்து, சாணையில் தேய்த்து, மெருகேற்றி மூக்குக் கண்ணாடி வில்லைகளாக்கினர் தஞ்சைப் பகுதிக் கம்மியர். ஆங்கிலேயர் அவற்றைத் தஞ்சைக் கற்கள் என்றழைத்தனர். அவர்கள் ஆட்சிக் காலத்து மாவட்ட நூல்களிலும் இத்தொழில் இடம் பெற்றது. பெரிய மனிதர் வீடுகளில் தாத்தா அணிந்த வல்லத்துக் கண்ணாடி என்று பெட்டியில் பாதுகாத்து வைக்கும் வழக்கமும் இருந்தது.

ஏன் அதற்கு அத்தனை மதிப்பு? கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி, சூட்டைத் தணிக்கும், பார்வையை வளர்க்கும் என்றார்கள். இந்த நம்பிக்கையைச் சற்று உரைத்துப் பார்ப்போம். படிகக்கல் கண்ணாடியைக் காட்டிலும் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஆதலால் கன்னத்தில் வைத்தால் நம் உடற்சூட்டை விரைந்து இழுத்துக்கொள்ளும். தொட்டால் சில்லென்று இருக்கும். கல்லா கண்ணாடியா என்று நாவில் வைத்துப் பார்த்து அறிவாரும் இருந்தனர். தொட்டால் குளிர்வது உண்மை. ஆனால் மூக்குக் கண்ணாடி கண்ணைத் தொட்டுக்கொண்டா நிற்கிறது? நடுவே காற்று இருக்கிறது. கன்னம் உணர்ந்த குளிர்ச்சியைக் கண்ணுக்கு வரவு வைத்த கணக்குப் பிழைதான் இந்த நம்பிக்கை முழுதும்.

இன்னொன்று கேளுங்கள். வெயிலில் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. நெடுநாள் பட்டால் கண்ணுக்குக் கேடு தருபவை. எளிய கண்ணாடி அவற்றுள் ஒரு பகுதியையாவது தடுத்து நிறுத்தும். படிகக்கல்லோ வாயிலை அகலத் திறந்து விட்டுவிடும். குளிர்ச்சிக்கென்று விலை கொடுத்து வாங்கிய கல், வெயிலின் கொடிய பகுதியைத் தாராளமாக உள்ளே அனுப்பியது! படிகத்துக்கு மற்றொரு குணமும் உண்டு. தவறான திசையில் அறுத்தால், ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். அறுக்கும் திசையறிந்து அறுத்த கம்மியன் கைவேலையால்தான் அதன் பெயர் கெடாமல் நின்றது. கீறல் விழாத கடினம் ஒன்றே அதன் மெய்யான சிறப்பு. அந்தச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. செய்த கைகளுக்கு வணக்கம். மறுப்பதெல்லாம் அந்தக் கல்லின்மேல் ஏற்றிய கதையை.

மேல்நாட்டிலும் இந்தக் கல் மோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைக்கேறியிருந்தது. கண்ணாடியைக் கல்லென்று விற்ற பழைய வெனிசுப் புரட்டும் திரும்பி வந்தது. அப்போது கடைக்காரர் ஒரு கருவி வைத்திருந்தனர். துருமாலி என்ற கல்லின் இரு மெல்லிய தகடுகளைக் குறுக்காக வைத்தால் ஒளி புகாது, இருண்டு விடும். இடையே கண்ணாடி வில்லையை வைத்தால் இருள் அப்படியே இருக்கும். படிக வில்லையை வைத்தால் ஒளி கசியும், நிறங்கள் தோன்றும். அறிவியல் தந்த உரைகல்தான்! ஆனால் பாருங்கள், இத்தனை நுட்பமான உரைகல்லும், கல்லா இல்லையா என்ற பயனற்ற கேள்விக்கே விடை சொல்லிற்று. இந்த மனிதனின் கண்ணுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி கிடப்பிலே கிடந்தது.

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கதை வேறு. 1604இல் கெப்ளர், வில்லை ஒளியை வளைத்து விழித்திரையில் கூட்டும் முறையை விளக்கினார். 1623இல் எசுபானிய நாட்டுத் தாசா என்பவர் வில்லைகளுக்கு அளவுப் படிகள் வகுத்து, எந்த வயதுக்கு எந்தப் படி என்று நூல் எழுதினார். 1825இல் ஏரி என்ற ஆங்கில வானியலார், ஒரு திசைக் கோடு தெளிவாகவும் மறு திசைக் கோடு மங்கலாகவும் தெரியும் தம் இடக்கண்ணுக்குத் தாமே கணக்கிட்டு, உருளை வடிவ வில்லை செய்வித்தார். சிதறல் பார்வை என்று இன்று சொல்லும் குறைக்கு அதுவே முதல் மருந்து. 1862இல் ஒல்லாந்து மருத்துவர் சுனெல்லன், சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை அமைத்தார். நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் காணும் அட்டைகளின் மூலம் அதுதான். 1872இல் பிரெஞ்சு மருத்துவர் மொனுவாயே, வில்லையின் வலிமைக்கு டையாப்டர் என்ற அளவைப் புகுத்தினார். இன்று கடையில் பவர் ஒன்றரை, பவர் இரண்டு என்கிறோமே, அது இந்த அளவே.

சென்னையில் கண் மருத்துவமனை தோன்றியது 1819இல். இலண்டனில் 1805இல் ஏற்பட்டதற்குப் பின், உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்றாக எழும்பூரில் இன்றும் அது நிற்கிறது. அறிவியல் நம் வாயிற்படி வரைக்கும் வந்து ஈரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அப்படியிருந்தும், கல் நல்லதா கண்ணாடி நல்லதா என்ற பேச்சு ஓயவில்லை. கல் போய், இப்போது வேறு பெயர்கள் வந்திருக்கின்றன, அவ்வளவே வேறுபாடு.

1940களில் அமெரிக்காவில் ஒரு வேதிப்பொருள் வரிசையில் 39ஆவதாகச் செய்த பிசின், போர் விமானங்களுக்குப் பயன்பட்டது. போர் முடிந்ததும் 1947இல் அதிலிருந்து வில்லை செய்தனர். கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதி. விழுந்தால் எளிதில் நொறுங்காது. கடைகளில் பிளாஸ்டிக் வில்லை என்று இன்றும் பெரும்பாலும் விற்பது அந்த இனமே. இதனினும் உறுதியானது பாலிகார்பனேட். பந்தடிக்கும் பிள்ளைகளுக்கும், பட்டறையில் பொறி பறக்க வேலை செய்வோருக்கும் அதுவே காப்பு. ஆனால் அதில் கீறல் எளிதில் விழும், மேற்பூச்சு வேண்டும். வில்லையின் ஓரத்தில் மெல்லிய நிறவரியும் தோன்றக்கூடும். குறை நான்கு ஐந்து டையாப்டருக்கு மேற்பட்டவர்க்கு, வில்லை தடிக்காதிருக்க அடர்ந்த பொருள்கள் உள்ளன. ஒன்றரைப் பவர் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கும் ஓர் உழவர்க்கு அந்த விலையுயர்ந்த மெல்லிய வில்லையால் ஆவதொன்றுமில்லை. அதை அவர் தலையில் கட்டுவது வாணிகமேயன்றி மருத்துவமன்று.

மேற்பூச்சுகளிலும் பதர் உண்டு, மணியும் உண்டு. பூச்சற்ற வில்லையின் இரு பக்கமுமாக, விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காடு திருப்பியடிக்கப்படுகிறது. அதைக் குறைக்கும் பூச்சு, இரவில் மிதிவண்டியிலோ மோட்டார் வண்டியிலோ செல்வோருக்கு மெய்யான உதவி. நீல ஒளியைத் தடுத்துக் கண் சோர்வை நீக்கும் என்று விளம்பரப்படுத்தும் வில்லையோ? 2023இல் காக்ரேன் குழுவினர் 17 ஆய்வுகளை ஒன்றுகூட்டி உரைத்துப் பார்த்தனர். கணினி முன் அமர்வோர்க்குக் கண் சோர்வு குறைவதில், எளிய வில்லைக்கும் அதற்கும் குறுகிய காலத்தில் வேறுபாடு இராது என்பதே அவர்கள் கண்டது. வல்லத்துக் குளிர்ச்சிதான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

அப்படியானால் நல்ல வில்லையை நாமே உரைத்துப் பார்க்க வழியுண்டா? ஓரளவு உண்டு. கைவசம் கருவி வேண்டியதில்லை. நேரான சன்னல் கம்பி ஒன்று போதும். கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, வில்லையின் வழியே கம்பியைப் பார்த்து, மெல்லப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். வெள்ளெழுத்துக்கான புடைத்த வில்லையில் கம்பி எதிர்ப்பக்கம் நகரும். கிட்டப் பார்வைக்கான குழிந்த வில்லையில் கூடவே நகரும். எப்படி நகர்ந்தாலும் ஒழுங்காக நகர வேண்டும். நடுவே நெளிந்தாலோ, பாம்புபோல் வளைந்தாலோ, அந்த வில்லை அச்சில் கெட்டது. பிறகு வில்லையை வண்டிச் சக்கரம்போல் சுழற்ற வேண்டும். கம்பி சாய்ந்து முறிந்து தெரிந்தால் அதில் உருளை அளவு இருக்கிறதென்று பொருள். மருத்துவர் சீட்டில் உருளை அளவு எழுதாதிருந்து வில்லையில் அது தெரிந்தால், திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கடைசியாக, குழல் விளக்கின் நிழல் வில்லையின் மேற்பரப்பில் விழுமாறு சாய்த்துப் பார்க்கலாம். கோடு வழுக்கென்று வளைந்து செல்ல வேண்டும். அலையடித்தால் மெருகு சரியில்லை.

இவை போதுமா? போதா. கண்ணுக்குப் புலப்படாத பிழை ஒன்றிருக்கிறது. தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஒவ்வொரு வில்லைக்கும் ஒளி வளையாமல் நேரே செல்லும் நடுப்புள்ளி உண்டு. அது நம் கண்மணிக்கு நேரே அமைய வேண்டும். இரு கண்மணிகளுக்கிடையே உள்ள தொலைவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை மில்லிமீட்டரில் அளந்து, அதற்கேற்ப வில்லையை வெட்டிச் சட்டத்தில் பொருத்துவதே தேர்ந்த கடைக்காரனின் வேலை. அளவுகோலை எடுக்காமலே கண்ணாடி பொருத்தித் தருகிறவன், உடலை அளக்காமல் சட்டை தைப்பவனுக்கு உடன்பிறப்பு. சந்தைத் தட்டிலுள்ள ஆயத்தக் கண்ணாடிகளில் இரு கண்ணுக்கும் ஒரே வலிமை. நடுப்புள்ளியும் யாரோ ஒரு பொது மனிதனுக்காக வைத்தது. இரு கண்ணும் ஒத்திருந்து, தூரப் பார்வை தெளிவாக இருந்து, அருகில் படிக்க மட்டும் வேண்டியவர்க்கு, நெளிவற்ற ஆயத்தக் கண்ணாடி பிழையன்று. அதையும் நாம் பழிக்கவில்லை. மற்றவர்க்கு அது பொருந்தாத செருப்பு.

வாங்கும் நாளில் கேட்க வேண்டியவை இரண்டே. அளவுச் சீட்டை எழுத்தில் தரவேண்டும். அதில் கண்மணித் தொலைவும் இருக்க வேண்டும். முடிந்த கண்ணாடியை, வில்லையின் வலிமையளக்கும் கருவியில் நம் முன்னே வைத்துச் சீட்டோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். உத்திரமேரூர்ச் சபையில் ஒருவன் படித்த ஓலையைப் பிறரும் படித்தார்களே, அதுபோல! கேட்டால் முகம் சுளிக்கும் கடையை விட்டு வெளியேறுவதில் வெட்கமில்லை.

இதை இத்தனை வற்புறுத்துவது ஏன்? காஞ்சியில் பட்டு நெய்யும் தோழரை எண்ணிப் பாருங்கள். தலைமுடியினும் மெல்லிய இழை. அறுந்தால் தேடிப் பிடித்துப் பிணைக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் கை முழுத் தேர்ச்சி அடைகிறது. அதே வயதில் கண் கைவிடுகிறது. தொழில் நிரம்பிய வேளையில் தறியைவிட்டு இறங்கிக் கூலி வேலைக்குப் போகும் நிலை! நெல் நாற்றில் களை தேடும் பெண்ணுக்கும், முறத்தில் கல் பொறுக்கும் பாட்டிக்கும் இதே கதை. உலகில் வெள்ளெழுத்து உடையோர் 180 கோடி. அவருள் தக்க கண்ணாடி இல்லாதார் 82 கோடியே 60 இலட்சம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் கணக்குக் காட்டியது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது கடந்த 751 தொழிலாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தந்து பார்த்தனர். கண்ணாடி பெற்றோரின் கொழுந்து எடுப்பு, பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுந்தது என்று 2018இல் முடிவு வெளியாயிற்று. தங்கமோ படிகமோ அல்ல, அளவறிந்து தந்த எளிய வில்லை செய்த வேலை அது.

இன்னொரு தடையும் உண்டு. அது கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. நாம் பணியாற்றும் சிற்றூர்ப் பள்ளியில் கரும்பலகையை எட்டிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆண் பிள்ளைக்கு, படிப்புக்காகக் கண்ணாடி வாங்குகிறார்கள். பெண் பிள்ளைக்கென்றால், கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார் என்று பெற்றவர்களே தயங்குகிறார்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று அதற்கு ஒரு கவசமும் தேடிக்கொள்கிறார்கள். ஏறுவது கண்ணாடியால் அன்று. வளரும் பிள்ளையின் கண்கோளம் நீள்வதால். கண்ணாடி அணிவித்தாலும் அணியாவிட்டாலும் அது தன் போக்கில் நீளும். அணியாவிட்டால் அந்தப் பெண் பாடத்தைப் பார்க்காமல் நீளும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் 2009 முதல் கண்ணொளி காப்போம் திட்டத்தின் வழியே பள்ளி மாணவரின் கண்களைச் சோதித்து விலையின்றிக் கண்ணாடி தரும் ஏற்பாடு வந்தது. பள்ளியில் கண்ணாடி வந்து சேரும் நாளன்று ஆசிரியர் செய்யத்தக்க வேலை ஒன்றிருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே பிள்ளை கையில் கொடுத்துவிடாமல், சன்னல் கம்பியின் முன் ஒருமுறை நகர்த்திப் பார்த்து, சீட்டிலுள்ள பெயரையும் அளவையும் ஒப்பிட்டு, பிள்ளையை அணியச் செய்து பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லலாம். ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லி, பின் மறு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னால், வலக்கண் வில்லை இடக்கண்ணுக்கு மாறியிருந்தாலும் பெரும்பாலும் தெரிந்துபோகும். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் போதும். அடுத்த ஆண்டு அதே பிள்ளையின் கண்ணை மீண்டும் சோதிக்க வேண்டும். உயரம் அளக்கும் நாளிலேயே அதையும் வைத்துக்கொள்ளலாம்.